எரு மூடிய ஒட்டு

எங்கள் கல்லூரி விடுதிக்குப் பின்னால் நிற்கிற அந்த மாமரம் நான் கொட்டை ஊன்றி வளர்த்ததல்ல. அது ஒட்டுக்கன்று. என் அப்பா வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணையிலிருந்து எடுத்து வந்து, செத்துப்போன என் கன்றின் குழியில் யாருக்கும் தெரியாமல் நான் நட்டது.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற, என் தோழியின் கையைப் பழித்தேன். அதனால் அவளுடைய நல்ல மரம் ஒன்று வேரோடு போயிற்று.

சொல்லிவிட்டேன்! ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன்... நீங்கள் முகம் தெரியாதவர் என்பதால் இவ்வளவு சுலபமாக வருகிறது போலும்.

ஆனால் இதை ஓர் அழுமூஞ்சிக் கதையாக எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கல்லூரியில் கழித்த அந்த மூன்று ஆண்டுகளில் இருந்ததுபோல் நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததே இல்லை. எப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அதுதானே என் சிக்கல்! அழுதுகொண்டே செய்த தவறாக இருந்தால் எப்போதோ ஒப்புக்கொண்டிருப்பேன். இது சிரித்துக்கொண்டே செய்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது. அம்மா பஸ்ஸின் நிறம் பார்த்து ஏறுவாள். நான் கணினி அறிவியல் படிக்க விடுதியில் சேர்ந்தேன். போச்சம்பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு நான் புறப்பட்ட காலையில், தெருவே வந்து நின்று பார்த்தது. அந்தப் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டது. எதிலும் நான்தான் முதலில் நிற்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எனக்குள் ஒரு பிடிவாதம். கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுக்க மாட்டேன்.

கல்லூரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. வாசலில் நாள் முழுக்கக் கம்பெனி பஸ்கள் போகும். விடுதிப் பெண்களில் பாதிப் பேர் கம்பெனித் தொழிலாளிகளின் மகள்கள். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். மீதிப் பேர் வீட்டில் தெலுங்கும், கடையில் கன்னடமும், வகுப்பில் தமிழும் பேசுகிறவர்கள்.

எங்களுக்குப் பசுமை மன்றம் என்று ஒன்று இருந்தது. தாவரவியல் துறை இல்லாத கல்லூரி என்பதால் அதைக் கணக்கு மேடத்தின் தலையில் கட்டியிருந்தார்கள். சண்முகவடிவு மேடம், திருநெல்வேலிக்காரர். செடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது பச்சையாக இருக்கும் என்பதுதான். ஆனால் ஆசை மலையளவு!

சேர்ந்த வாரத்தில் மெஸ்ஸில் நீலம் மாம்பழம் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேடம் எழுந்து கத்தினார்.

"ஏட்டி, ஒருத்தியும் கொட்டைய எறியப்படாது! அவங்கவங்க தின்ன கொட்டைய அவங்கவங்களே ஊன்றணும். மூணு வருசமும் அது ஒங்க புள்ள!"

விடுதிக்குப் பின்னால் வரிசையாகக் குழி தோண்டி ஊன்றினோம். எல்லோரும் என்னிடம் வந்து வந்து கேட்டார்கள். கொட்டையைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா? மேல் ஓட்டை உடைப்பதா, வேண்டாமா? நான் மாங்கன்றுக்காரர் மகள் அல்லவா! இடுப்பில் கைவைத்துக்கொண்டு மருத்துவர்போல் பதில் சொன்னேன்.

பக்கத்துக் குழி நாகவேணியுடையது. என் அறைத் தோழி. ஓசூரில் ஒரு லைன் வீட்டிலிருந்து வந்தவள். அப்பா லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர்கள் வாசலில் ஒரு துளசி வைக்கக்கூட மண் கிடையாது, முழுக்க சிமென்ட். அவள் வாழ்க்கையில் ஊன்றிய முதல் விதை அந்தக் கொட்டைதான்.

அது முளைத்த அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! செம்பு நிறத்தில் இரண்டு இலை. "அய்யோ தேவுடா! நான் போட்டது வந்துடுச்சுடி!" என்று ஈரத் தலையோடு விடுதி முழுக்க ஓடினாள். அதற்குப் புஜ்ஜி என்று பெயர் வைத்தாள். தினமும் அதனோடு தெலுங்கில் பேசினாள். நாங்கள் கேலி செய்தால், "அதுக்குத் தமிழ் இன்னும் வரலடி, குழந்தைதானே" என்பாள்.

என் கன்றும் முளைத்தது. நன்றாகத்தான் வளர்ந்தது. அப்படியே விட்டிருக்கலாம்... விட்டேனா? எல்லாரையும்விட வேகமாக வளர்த்துக் காட்ட வேண்டும் என்று ஊரிலிருந்து ஒரு பை கோழி எரு கொண்டு வந்தேன். மக்காத பச்சை எரு. அதை வேரடியில் அப்பி வைத்துவிட்டு, கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பச்சைக் கோழி எரு எவ்வளவு சூடு என்று எங்கள் ஊரில் எழுத்தறியாத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவசரம் அறிவை மூடிவிட்டது.

விடுமுறை நடுவில் எல்லாக் கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றுவதாக நானே கைதூக்கியிருந்ததால் ஒருநாள் கல்லூரிக்குப் போனேன். வரிசை முழுக்கப் பச்சை. என்னுடையது மட்டும் கருகி, சுருண்டு... பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது.

மாங்கன்றுக்காரர் மகளின் கன்று! ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னவளின் கன்று!

ஊருக்குத் திரும்பியதும் நேராகப் பண்ணைக்குப் போனேன். அப்பா ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு செந்தூரா கன்னு வேணும்ப்பா. காலேஜுல வைக்கறதுக்கு."

"அதுக்கென்னா பாப்பா, நல்லதாவே எடுத்துக்கோ" என்று எழுந்து, வரிசையில் தேடி, முழங்கால் உயரத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். முதலாளியிடமும் சொல்லிவிட்டார். "ஒட்டு மண்ணுக்கு மேல ஒரு சாண் நிக்கணும். மறந்துடாத. ரெண்டு வருசத்துக்குப் பூவு வந்தா கிள்ளி விட்டுடு. சின்னச் செடி தாங்காது."

பாருங்கள், அப்பாவிடம் நான் பொய் சொல்லவில்லை. கல்லூரியில் வைக்கத்தானே கேட்டேன்? இந்தச் சமாதானத்தை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா!

கன்றை அரிசிப் பையில் வைத்து, கல்லூரி திறப்பதற்கு முதல் நாளே பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"என்னம்மா, மரத்துக்கும் டிக்கெட் எடுக்கறியா?"

"மரம் நின்னுக்கிட்டேதான் வருதுங்கண்ணா. சீட்டு கேக்கல."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். திருட்டுத்தனம் செய்யப் போகிறோம் என்கிற பயம் கொஞ்சமும் இல்லை... ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டையிலிருந்து வரும் மா, காய்க்கப் பல வருடம் ஆகும். ஏற்கெனவே காய்த்த மரத்தின் குச்சியை எடுத்து இளங்கன்றின் தண்டில் பொருத்திக் கட்டினால் அது ஒட்டுக்கன்று. அதற்கு உடம்பு சின்னது, வயது பெரியது. நட்ட மறுவருடமே பூக்கும். கண்டுபிடிப்பதும் சுலபம். தண்டில் ஒட்டின இடம் முட்டிபோல் புடைத்துச் சாய்ந்திருக்கும்.

அந்த முட்டியை எப்படி மறைப்பது? எருவைக் குவித்தேன். அப்பா சொன்ன ஒரு சாண் உயரத்துக்கும் மக்கிய எருவைக் குன்றுபோல் குவித்து மூடினேன். உள்ளூர் மாந்தோப்பு வீட்டுப் பெண்கள் பார்த்தால் பிடித்துவிடுவார்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள், மாலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். விடுதிப் பின்புறம் எதற்கு வரப்போகிறார்கள்!

"உன்னுது என்னாடி இப்படிக் கொழுத்துடுச்சு!" என்றாள் நாகவேணி, விடுமுறை முடிந்து வந்ததும்.

"லீவுல வந்து வந்து கவனிச்சேன்ல" என்றேன்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எரு கரையும்! மழை பெய்தால் கரையும், வெயிலில் அமுங்கும். வாரம் ஒருமுறை அந்த முட்டி மெல்லத் தலை நீட்டி என்னைப் பார்க்கும். ஆகவே வாரம் ஒருமுறை எனக்குப் புது எரு வேண்டும். ஊரிலிருந்து எவ்வளவுதான் சுமப்பது?

நானே தயாரிக்க ஆரம்பித்தேன். மெஸ் அக்காவிடம் போய்க் காய்கறித் தோல் கேட்டேன். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்கார அக்கா. தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனம்மா இது? எல்லாப் பொண்ணுங்களும் இன்னொரு பூரி கேக்குது. நீ ஒருத்திதான் தோல் கேக்குறே!"

தோல், காய்ந்த இலை, பக்கத்துக் கிராமத்துச் சாணம். அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, சாக்கால் மூடி, வாரம் ஒருமுறை கிளறினேன். இந்தமுறை அவசரப்படவில்லை. நன்றாக மக்க வைத்தேன். நாகவேணி கூடவே நின்று மூக்கைப் பொத்தாமல் கிளறினாள். அதில் பாதியைப் புஜ்ஜிக்கும் போட்டாள். புஜ்ஜி தளதளவென்று வளர்ந்தது.

ஒரு தை மாதக் காலை. ஓசூர்ப் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல் துலக்க வந்தவள் ஒருத்தி வாயில் நுரையோடு கத்தினாள். என் கன்றில் பூ!

விடுதியே நைட்டியும் ஸ்வெட்டருமாக ஓடி வந்தது. மேடம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். பூங்கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார்.

"ஏட்டி தேனு! ஒன்றரை வருசத்துல பூத்துருக்கே! என்னத்தட்டி போட்ட?"

தேன்மொழி என்கிற என் பெயர் அவர் வாயில் தேனு ஆகிவிடும். அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். ஒட்டுக்கன்று மேடம் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்...

"எரு மேடம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதன்மேல் ஒரு கல்லூரியே எழுந்து நின்றது!

நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். அதுவரை எங்கள் மெஸ்ஸின் எச்சில் எல்லாம் பின்பக்கப் பள்ளத்தில்தான் கொட்டப்பட்டது. பிளாஸ்டிக் கவரையும் சோற்றையும் சேர்த்துக் கொளுத்துவார்கள். பன்றிகள் மேயும். ஜன்னலைத் திறக்க முடியாது. மேடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று. ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. பிரிப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு இப்போது கண்ணெதிரே பதில் பூத்திருந்தது!

மெஸ் வாசலில் இரண்டு டிரம் வந்தது. பச்சை டிரம்மில் சோறும் தோலும், சிவப்பு டிரம்மில் கவர். மாற்றிப் போட்டவள் அன்று எல்லோர் முன்னாலும் பாட வேண்டும் என்று ஒரு தண்டனை. பாடத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே மாற்றிப் போட்டார்கள்! மேடம் கரும்பலகையில் விகிதக் கணக்கு எழுதினார். காய்ந்தது மூன்று பங்கு, ஈரம் ஒரு பங்கு. அவர் நடத்திய கணக்கிலேயே எங்களுக்குப் புரிந்தது அது ஒன்றுதான். குளியலறைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி வாழை வைத்தோம். கீரைப் பாத்தி போட்டோம். நாங்கள் போட்ட கீரை எங்கள் தட்டுக்கே வந்த அன்று, மெஸ் அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடினாள்.

எல்லாவற்றையும்விட அந்தக் காலைகள்! பனி மூடிய விடிகாலையில் எருக்குழியின் சாக்கை விலக்கினால் ஆவி குபுகுபுவென்று எழும். சுற்றிலும் உட்கார்ந்து கைகளை நீட்டிக் குளிர் காய்வோம். மண் வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் கலந்து வரும். நாகவேணி மூன்று மொழிகளிலும் ஒரே நகைச்சுவையைச் சொல்லி மூன்று தடவை சிரிக்க வைப்பாள். ஆமாம்... அந்தப் பள்ளம் தூர்ந்து போயிற்று. பன்றிகள் போயின. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம்.

ஒரு பொய்யிலிருந்து இவ்வளவு நல்லது வரலாமா? வந்ததே! நான் என்ன செய்வேன்?

எனக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்தது. எந்தப் பாத்தியிலும் முதல் விதையை நான் போட வேண்டும் என்றார்கள். விடுதியில் யாருக்காவது மருதாணி வைப்பதென்றாலும் முதல் பொட்டு நான் வைக்க வேண்டும். வெட்கமில்லாமல் வைத்தேன்.

இதுவரை நான் சொன்னது சின்னக் குற்றம். பெரியதை இப்போது சொல்கிறேன்.

பூ பிஞ்சான சமயம். நான் பாத்தியில் குனிந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், நாகவேணி என் மரத்தடியில் குந்தியிருந்தாள். எருக்குன்றை விரலால் விலக்கிக்கொண்டிருந்தாள்.

"எறும்பு ஏறுதுடி. அடியில புத்து வெச்சிருக்குதான்னு பாக்கறேன்."

இன்னும் இரண்டு விரல் ஆழம். முட்டி தெரிந்துவிடும்...

"தொடாதே!" என்று கத்தினேன். கத்தலோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் தொடக்கூடாது என்று ஒரு காரணம் வேண்டுமே? வாய்க்கு வந்ததை எடுத்து எறிந்தேன். "உன் கை பட்டா பிஞ்செல்லாம் உதிர்ந்துடும்! இதே எருவப் போட்டும் உன்னோடது பூக்கவே இல்லல்ல? அந்தக் கையோட இதையும் தொடணுமா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சுட்டதுபோல் எடுத்தாள். விரல்களைப் பார்த்தாள். பிறகு பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமால்ல... நான் யோசிக்கவே இல்லடி" என்று சிரித்தாள்.

சிரித்தாள்! கோபித்திருந்தால், நாலு அறை அறைந்திருந்தால் நான் இன்று நன்றாகத் தூங்குவேன்.

பக்கத்தில் நின்ற பெண்களுக்கு அது கேலிக்குக் கிடைத்தது. "வேணி, நீ தொடாதடி, டிரம்மே புளிச்சிடும்" என்பார்கள். வம்புக்குத்தான், பாசமாகத்தான். அவளும் கூடச் சேர்ந்துகொண்டாள். "நான் பாத்தாலே பால் திரிஞ்சிடும்டி, தள்ளிப் போங்க" என்பாள். எல்லோரும் சிரிப்போம். ஆனால் அன்றிலிருந்து அவள் எருவைச் சுமந்தாள், கிளறினாள், தண்ணீர் இழுத்தாள்... விதையை மட்டும் தொடவில்லை.

ஒருநாள் மாலை கேட்டாள். "நிஜமா சொல்லு தேனு. நீ போட்டதைத்தானே நானும் போட்டேன். ஒரே குழி எரு. வேற என்ன போட்டே?"

அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது.

"ஒண்ணுமில்லடி. கை வாகு" என்றேன்.

மே மாதம், பரீட்சை முடிந்த அன்று, என் மரத்தில் நின்ற காய்கள் பழுத்திருந்தன. செந்தூரா அல்லவா, கன்னம் சிவந்து நின்றன. நீலம் கொட்டையில் எப்படிச் சிவப்பு வந்தது என்று ஒருத்தி கேட்டாள். அப்பாவிடம் கன்று கேட்டபோது இதை நான் யோசிக்கவே இல்லை.

"எருவோட வேலைட்டி அது! சத்து ஏறுனா நெறம் வராதா?" என்றார் மேடம்.

கணக்குத் துறை வாழ்க என்று மனதுக்குள் கும்பிட்டேன்! மேடம் பழத்தைப் பிளேடால் சீவி, நாக்கில் வைக்கிற அளவு எல்லோருக்கும் கொடுத்தார். நாகவேணி தன் சீவலை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "உன் கை இனிக்குதுடி" என்றாள்.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் இரண்டு குழிகள் போதவில்லை. மூன்றாவது குழிக்கு இடம் வேண்டும். குழாயும் நிழலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் கன்றுகளின் வரிசையில்தான் வெட்ட வேண்டும். ஒரு கன்றை எடுத்தாக வேண்டும். மேடத்துக்கு மனம் வரவில்லை. தலைகளை எண்ணுவதுபோல் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னோடதை எடுத்துடுங்க மேடம்" என்றாள் நாகவேணி. "அது பூக்காத மரம். இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது."

"ஏட்டி, ஒம் புஜ்ஜியையா?"

"எரு வந்தா எல்லாத்துக்கும் பிரயோஜனம் மேடம். அது நிக்கறதுல யாருக்குப் பிரயோஜனம்?"

மேடம் கண் கலங்கி அவளைக் கட்டிக்கொண்டார். பெண்கள் கை தட்டினார்கள். "வெட்டுறதும் கைராசிக்காரியே வெட்டட்டும்" என்று யாரோ என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

புஜ்ஜி என் நெஞ்சுயரம் நின்றது. புதுக் கொழுந்து விட்டு, பளபளவென்று... நோய் இல்லை, பூச்சி இல்லை. கொட்டையில் வந்த மரம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. இன்னும் சில வருடங்களில் பூத்திருக்கும். என் மரத்தைவிடப் பெரிதாக வளர்ந்து, என் மரத்தைவிட நீண்ட காலம் நின்றிருக்கும். அங்கே நின்ற அத்தனை பேரிலும் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொன்னால் என்ன ஆகும்? எரு பொய் என்பார்கள், டிரம் இரண்டும் பழையபடி ஒன்றாகும், பள்ளத்துக்குப் பன்றிகள் வரும், மேடம் எல்லோர் முன்னாலும் அவமானப்படுவார்... இப்படியெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்தேன். ஊர் நன்மைக்காக வாயை மூடினேன் என்று பல வருடம் நம்பவும் செய்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன! ஊராவது, நன்மையாவது! தெருவே பார்த்து அனுப்பிய பெண் பொய்க்காரி என்று பெயர் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் என் யோசனை.

வெட்டினேன். அதன் ஆணிவேர் நேராக, குச்சிபோல் கீழே போய்க்கொண்டே இருந்தது. முழுசாக எடுக்க முடியவில்லை. பாதியில் அறுந்தது. மறுபுறம் சுவரோரம் நட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் வாடிப்போயிற்று. "விடுடி, அதுக்குக் குடுப்பினை இல்ல" என்று என்னைத் தேற்றினாள் நாகவேணி. என்னை!

மூன்றாவது குழியின் எருதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. அந்த வருடம் நாங்கள் போட்ட தக்காளியை மெஸ்ஸால் தின்று தீர்க்க முடியவில்லை. அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன. போன வருடம் எட்டிப் பார்த்தேன். முகம் தெரியாத பெண்கள் சிரித்துக்கொண்டே கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு உரிமை உண்டா... நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

நான் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். சென்ற ஆடியில் நாகவேணி போன் செய்தாள். வீடு கட்டிவிட்டார்களாம். சின்ன வீடு. "ஆனா மண்ணு இருக்குடி! சிமென்ட் போட விடல நான்!" என்று கூவினாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

வாசலில் இரண்டு வாளி. பச்சை, சிவப்பு. அந்தத் தெருவிலேயே குப்பையைப் பிரிக்கிற வீடு அது ஒன்றுதானாம். கொல்லையில் தொட்டியில் எரு. எடுத்து முகர்ந்து பார்த்தேன், முதல் தரம். ஆனால் மண் வெறுமையாகக் கிடந்தது. ஒரு செடி இல்லை.

"நீ வருவேன்னுதான் வெச்சிருந்தேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவரை விதைகள். "ஆடிப் பட்டம் தாண்டிடப் போவுதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ போடு. உன் கையால போட்டாதான் வரும்."

நான் வாயைத் திறந்தேன். "வேணி, அந்தக் காலேஜ் மாமரம்..."

அதற்குள் அவள் மகள் ஓடி வந்தாள். இரண்டு வயது இருக்கும். விதைகளைப் பார்த்துவிட்டுக் குண்டுக் கையை நீட்டினாள். நாகவேணி அந்தக் கையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தாள்.

"நாம வேணாம் கண்ணு. நம்ம கைக்கு வராது. ஆன்ட்டி போடட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்சமும் வருத்தமில்லாத சிரிப்பு. வீடு வந்த சிரிப்பு, மண் வந்த சிரிப்பு, தோழி வந்த சிரிப்பு... அதை எப்படி நான்...

"அந்த மாமரத்துக்கு என்னாடி?" என்று கேட்டாள்.

"நல்லாக் காய்க்குதாம்" என்றேன்.

குனிந்து, ஒவ்வொரு விதையாக நானே ஊன்றினேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். குழந்தையையும் தட்டச் சொன்னாள்.